பக்கத்து வீட்டுக் காவலர்கள்

யெவ்கேனி சம்யாத்தின் ஒரு கப்பல் பொறியாளர். 1916, 17 வாக்கில் இங்கிலாந்தின் நியூகாசல் பக்கம் தங்கி, ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வை பார்த்தவர். நாடு திரும்பியபின் 1920, 21இல் 'நாங்கள்' என்ற நாவலை எழுதினார். சோவியத் அரசு அதை அச்சேற விடவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. அவருடைய சொந்த நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்காணிப்பு அரசைப் பற்றிய அறிவியல் புனைவுகளுக்கெல்லாம் ஏறக்குறைய இதுதான் மூத்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் இதைப் பற்றி மதிப்புரை எழுதினார். மூன்று வருடம் கழித்து அவருடைய '1984' வந்தது.

'நாங்கள்' நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. தெருவில் நடப்பவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய, பார்த்தால் தெரியாதபடி மெல்லிய சவ்வுகள் பொருத்தப்பட்டிருக்கும். மேலே பறக்கும் ஊர்திகளிலிருந்து குழாய்கள் கீழே நீண்டு பார்க்கும். இதையெல்லாம் நடத்துபவர்களுக்குக் 'காவலர்கள்' என்று பெயர். கதை சொல்பவன் டி-503 என்ற எண். அவனும் பொறியாளன்தான், விண்கலம் கட்டுகிறவன். அவனுக்குக் காவலர்கள் மேல் பயமில்லை, நன்றிதான் இருக்கிறது. பழங்காலத்து மக்கள் தங்களைக் காக்க ஒரு தேவதை கூடவே வருவதாக நம்பினார்களே, அதைப் போன்றவர்கள் இவர்கள் என்று நினைத்துக்கொள்கிறான்.

இந்த ஒப்பீடு என்னை ரொம்ப நாள் விடவில்லை. நான் பாகான் டத்தோ பக்கத்து ஆள். தென்னையும் செம்பனையும் தவிர வேறு எதுவும் அதிகம் தெரியாத ஊர். தோட்ட எல்லையில், வாய்க்கால் ஓரத்தில், மரத்தடியில் முனியாண்டி இருப்பார். ராத்திரியில் எல்லையைச் சுற்றி வருவார், அவர் போகிற பாதையில் குறுக்கே நிற்கக்கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியாத காவலர் என்பது எங்களுக்கு நாவல் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் கிடையாது. அப்படியென்றால் டி-503 சொல்வது சரிதானா? தெரியாமல் நின்று காப்பவரும் தெரியாமல் நின்று உளவு பார்ப்பவரும் ஒரே ஆள்தானா?

இந்தக் கேள்வியை நான் வெறும் புத்தகக் கேள்வியாகக் கேட்கவில்லை. 'தோட்டத்து ஆளுங்களுக்குப் பயம் ரத்தத்திலேயே ஊறினது' என்று நம்ம ஆட்களே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கூட்டத்தில் கைதூக்க மாட்டார்கள், மனுவில் கையெழுத்துப் போட மாட்டார்கள், காப்பிக் கடையில் அரசியல் பேச ஆரம்பித்தால் ஒருத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். இதை ஒரு சுபாவம் மாதிரி, தோலின் நிறம் மாதிரிப் பேசுகிறோம். பொறியியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருள் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் கிடைத்தால், அது தானாக முளைத்தது என்று நம்பமாட்டான். எங்கேயோ ஒரு அச்சு இருக்கிறது என்றுதான் தேடுவான்.

முதலில் அச்சு செய்த பொறியாளர் ஒருவரைப் பார்க்கலாம். கண்காணிப்பு பற்றிப் பேசுகிற யாரும் ஜெரமி பெந்தாமின் 'பனோப்டிகான்' சிறைச்சாலையைச் சொல்லாமல் விடுவதில்லை. வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் கோபுரம். கோபுரத்தில் இருப்பவருக்கு எல்லா அறையும் தெரியும், அறையில் இருப்பவருக்குக் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. மிஷல் பூக்கோ 1975இல் இதைப் பற்றி எழுதியபிறகு உலகம் முழுக்கப் பேச்சானது. ஆனால் இந்த யோசனை ஜெரமியுடையது இல்லை, அவருடைய தம்பி சாமுவேலுடையது. சாமுவேல் பெந்தாம் கப்பல் கட்டும் பொறியாளர். இன்றைய பெலாருஸில் உள்ள கிரிச்செவ் என்ற இடத்தில், ரஷ்ய இளவரசர் பொத்தெம்கினின் பண்ணையில் வேலை பார்த்தார். பட்டறை ஆட்களைக் குறைந்த மேற்பார்வையாளர்களை வைத்து எப்படிக் கவனிப்பது என்று யோசித்தபோது வந்த வடிவம் அது. 1787இல் தம்பியைப் பார்க்கப் போயிருந்த ஜெரமி அங்கிருந்தே அதைக் கடிதங்களாக எழுதினார். 1791இல் புத்தகமானது.

கண்ணுக்குத் தெரியாத காவலர் பிறந்தது சிறையில் இல்லை, ஒரு பெரிய முதலாளியின் பண்ணையில். அது ஒரு செலவுக் கணக்கிலிருந்து வந்த யோசனை. ஒவ்வொரு தொழிலாளிக்குப் பின்னாலும் ஒரு ஆளை நிறுத்தினால் கட்டுப்படியாகாது. பார்ப்பது போன்ற எண்ணத்தை மட்டும் நிறுத்தி வைத்தால் செலவு மிச்சம்.

நம்ம தோட்டங்களில் முதலில் வந்தது கண்ணுக்குத் தெரிகிற காவலர். அவருக்குப் பெயர் கங்காணி. 'கண்காணி' என்ற தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கிலேயரின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது. உலகத்துக்கு நாம் ஏற்றுமதி செய்த சொற்களில் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் இருப்பதைப் பெருமையாகச் சொல்வோம். கண்காணிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைச் சொல்வதில்லை. கங்காணி ஊருக்குப் போய்த் தன் சாதி சனத்திலிருந்தே ஆள் பிடித்து வருவார். அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அந்தத் தலைகளுக்கு ஏற்ப அவருக்குக் காசு. அதனால் காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கிளப்பி விடுவதும், கடனில் கட்டி வைப்பதும் அவருக்கு வருமானம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது இந்த முறை முடிவுக்கு வந்தது.

கங்காணி கொடுமைக்காரராகவே இருந்திருக்கட்டும், அவருக்கு ஒரு முகம் இருந்தது. அவர் யார் மகன், எந்த ஊர், யாரிடம் இளகுவார், எப்போது குடித்திருப்பார் என்பது லயத்துக்கே தெரியும். திட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம், பாட்டுக் கட்டிக் கேலி செய்யலாம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவர் முன்னால் நிற்கிறார், நாமும் முன்னால் நிற்கிறோம். பார்ப்பவரைத் திருப்பிப் பார்க்க முடியும்.

பாகான் டத்தோ தட்டையான நிலம். மலைத் தோட்டங்களில் துரை பங்களா குன்றின்மேல் இருக்கும், கீழே லயம் தெரியும். எங்கள் பக்கம் கடலும் ஆறும் வாய்க்காலும்தான். ஆனாலும் துரையின் பார்வை எட்டியது. 'துரை வர்றாரோ இல்லியோ, வர்ற மாதிரிதான் வேலை செய்யணும்' என்று என் பாட்டி சொல்வார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை வேகமாகுமாம். சத்தம் கேட்காவிட்டால் இன்னும் வேகமாகுமாம். ஏனென்றால் எந்த நிரையிலிருந்து எட்டிப் பார்ப்பார் என்று தெரியாது. சாமுவேல் பெந்தாமின் கோபுரத்தைப் பாட்டி பார்த்ததில்லை, ஆனால் அதற்குள்தான் வேலை செய்திருக்கிறார்.

இதுவரை சொன்னது ஒரு தோட்டத்தின் வேலி வரைக்கும்தான். நாடு முழுக்க இந்த முறை பரவியது அவசரகாலத்தில். 1948 ஜூன் 16ஆம் தேதி, பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அதே வருடம் ஆள் பதிவு ஆரம்பமானது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அட்டை. இன்றைக்கும் நம் பிள்ளைகள் 12 வயதில் ஐசி எடுக்கப் போகிறார்கள். அந்த வரிசை எங்கே ஆரம்பித்தது என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். '1984' நாவல் லண்டனில் வெளிவந்தது அடுத்த மாதம், ஜூன் 8ஆம் தேதி.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் சிதறிக் கிடந்த மக்கள், பெரும்பாலும் சீனர்கள், சுமார் 5 லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களும் தப்பவில்லை. தள்ளித் தள்ளி இருந்த லயங்களிலிருந்து, வேலி போட்ட ஒரே இடத்துக்கு அவர்களையும் கொண்டுவந்தார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்பதற்காக அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. டின் உணவு வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் தருவார்கள், பதுக்கி வைக்க முடியாமலிருக்க. பால்வெட்டப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. வேலிக் கதவில் சோதனை. என் பாட்டிக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். பசியோடு வெட்டிவிட்டு மதியம் திரும்பிவந்து சாப்பிட்ட பெரியவர்களைப் பற்றி இன்றைக்கும் சொல்வார். ஆனால் வேலிக்குள் யார் என்ன சொன்னார்கள், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டால், 'பேரெல்லாம் எதுக்கு?' என்று எழுந்து போய்விடுவார். எழுபது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயர்காரர்களில் யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

ஏன் பெயரைச் சொல்ல மறுக்கிறார் என்பதற்குத் தஞ்சோங் மாலிமில் நடந்ததில் ஒரு விளக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1952 மார்ச் 25ஆம் தேதி, பேராக்கின் தென்கோடியில் உள்ள அந்த ஊருக்குப் பக்கத்தில், உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழு தாக்கப்பட்டது. 12 பேர் இறந்தார்கள். அப்போதுதான் உயர் ஆணையராக வந்திருந்த ஜெரால்டு டெம்ப்ளர் நேரடியாக வந்து ஊர்ப் பெரியவர்களைத் திட்டினார். 22 மணிநேர ஊரடங்கு போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரம்தான் வெளியே வரலாம். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் முக்கியம். வீட்டுக்கு வீடு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு உதவுவது யார் என்று தெரிந்தால் எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட வேண்டாம். பூட்டிய பெட்டிகளில் தாள்கள் சேகரிக்கப்பட்டன. ஊர்ப் பிரதிநிதிகள் பெட்டிகளோடு கோலாலம்பூருக்குப் போய், டெம்ப்ளர் முன்னால் அவை திறக்கப்படுவதைப் பார்த்தார்கள். சிலர் கைதானார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஊரடங்கு விலகியது.

இதை ராணுவ வரலாற்றில் சாமர்த்தியமான நடவடிக்கையாக எழுதுவார்கள். டெம்ப்ளரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 12 பேர் செத்திருக்கிறார்கள், சொல்லத் தெரிந்தவர்கள் பயந்து வாய் மூடியிருக்கிறார்கள், பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும். பெட்டி அந்த வழி. ஆனால் அதே பெட்டியை வேலிக்குள் இருப்பவர் கண்ணால் பாருங்கள். என் வீட்டுக்கும் ஒரு தாள் வந்தது, பக்கத்து வீட்டுக்கும் வந்தது. நான் வெறும் தாளை மடித்துப் போட்டிருக்கலாம். அவர் என்ன எழுதினார்? இரண்டு நாள் கழித்து மூன்றாம் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எழுதியது யார்? எல்லோரும் எழுதியிருக்கலாம் என்பதால் எல்லோர்மேலும் சந்தேகம். யாரும் பெயர் போடவில்லை என்பதால் யாரும் தன்னை நிரபராதி என்று காட்டவும் முடியாது. பெட்டி கோலாலம்பூருக்குப் போனது, ஊரடங்கு போனது, டெம்ப்ளரே 1954இல் ஊர் போய்ச் சேர்ந்தார். சந்தேகம் மட்டும் அந்தத் தெருவிலேயே தங்கியிருக்கும்.

இன்னொரு முறையும் இருந்தது. ஊர் மக்களை வரிசையாக நடக்கவிட்டு, தலையில் சாக்கு மாட்டிய ஒரு ஆளின் முன்னால் நிறுத்துவார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையசைத்தால் அந்த ஆள் தனியாக நிறுத்தப்படுவார். மலாயாவில் இதற்குத் தமிழில் தனிப்பெயர் இருந்ததா என்று பாட்டி தலைமுறையிடம் கேட்டால் பேச்சு மாறுகிறது. இலங்கைத் தமிழரிடம் இதற்குப் பெயர் உண்டு: தலையாட்டி. 1987க்குப் பிறகு இந்திய அமைதிப்படை காலத்திலும், பின்னர் இலங்கை ராணுவத்தின் சுற்றிவளைப்புகளிலும், கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ ஊரைக் கூட்டி முகமூடிக்காரன் முன்னால் நடக்கவைத்தார்கள். ஈழத்தவர் கதைகளிலும் நினைவுக்குறிப்புகளிலும் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

தலையாட்டி நம் எல்லா அறிவியல் புனைவுக் காவலர்களையும் விடப் பயங்கரமானவன். ஆர்வெலின் திரை எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று தெரியும். சம்யாத்தினின் காவலர்கள் ஒரு அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். சாக்குக்குள் இருப்பவனோ நம்மை அடையாளம் தெரிந்தவன். தெரிந்திருப்பதால்தான் அவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவன் நம்மோடு சாப்பிட்டிருக்க வேண்டும், கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டும். அவனும் அடிதாங்காமல் அங்கே நிற்பவனாக இருக்கலாம். வெளியூர் ராணுவத்துக்கு நம் முகங்கள் ஒரே மாதிரித் தெரியும், நம்மைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சாக்கைக் கழற்றாதவரை, அது யாருடைய கண்ணாகவும் இருக்கலாம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 1, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணை இல்லாமல் இரண்டு வருடம் வரை அடைத்து வைக்கலாம், திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங்கின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்தச் சட்டத்தின்கீழ் கைதானார்கள். 2007 நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராப் பேரணிக்குப் பிறகு, டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐந்து பேர் பேராக்கின் கமுண்டிங் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். சட்டம் 2012இல் நீக்கப்பட்டு சொஸ்மா வந்தது. எண்ணிப் பார்த்தால், அரை நூற்றாண்டில் உள்ளே போனவர்கள் மக்கள் தொகையில் ஒரு துளி. வெளியே இருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் கணக்கில்லை. 'பின்னால ஆளு இருக்கும்' என்று காப்பிக் கடையில் சொல்கிறவர் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். ஆட்கள் சாப்பிடும் கொட்டகையின் மூலையில் ஒரு கேமரா இருந்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அது வந்த பிறகு அங்கே ஓவர்டைம் பணத்தைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. ஒருநாள் பக்கத்து விளக்கை மாற்றும் வேலைக்காக ஏணியில் ஏறியபோது பார்த்தேன். வயர் எதுவும் இல்லை. உள்ளே லென்ஸ் இல்லை. இரண்டு பேட்டரி, ஒரு சின்ன விளக்கு, ஒரு பிளாஸ்டிக் கூடு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பொம்மை கேமரா. இறங்கி வந்து எல்லோரிடமும் சொன்னேன். சிரிப்பார்கள், பழையபடி பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: 'அப்போ நம்ம பேசினது ஆபீசுக்கு எப்படிப் போச்சு தம்பி? போட்டுக் கொடுத்தது யாரு?'

அன்றைக்குப் பிறகு நிலைமை மோசமானது. கேமரா உண்மை என்று நம்பியவரை எல்லோரும் சேர்ந்து அதைத் திட்டினார்கள். அது பொய் என்று தெரிந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் தனி மேசைக்குப் போனார்கள். கிராணி வந்தால் பேச்சு நின்றது. கோபுரம் காலி என்று தெரிந்தால் கைதிகள் விடுதலையாகிவிடுவார்கள் என்றுதான் பெந்தாமைப் படிக்கிற யாரும் நினைப்போம். கோபுரம் காலியாக இருந்தாலும் வேலை நடக்கிறது, ஏனென்றால் அதற்குள் கைதிகளே காவலர்களாகியிருப்பார்கள்.

புனைகதைகளிலும் இது தெரிந்தேதான் இருக்கிறது, நாம்தான் கண்ணாடிச் சுவரையும் திரையையும் பார்த்து மிரண்டு அதைக் கவனிப்பதில்லை. 'நாங்கள்' நாவலின் கடைசியில், டி-503 தன் குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொள்ள ஒரு காவலரிடம் போகிறான். அந்தக் காவலரே கிளர்ச்சிக்காரர்களின் ஆள். சுஜாதாவும் ஒரு பொறியாளர், பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்கெடுத்தவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வில், நாடே நடுங்கும் ஜீவா என்ற ஆட்சியாளன் கடைசியில் வெறும் உருவாக்கப்பட்ட பிம்பம். மேலே யாருமில்லை. அவ்வளவு பயத்தையும் கீழே இருந்தவர்கள்தான் சுமந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லாமல் போகமுடியாது. கண்காணிப்பே கூடாதா? ராத்திரி ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் நடந்து வரும் அக்காவிடம் இதைக் கேட்டால், தெருமுனையில் கேமரா வேண்டும் என்றுதான் சொல்வார். ரெண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்குக் குலைத் திருட்டு என்பது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கைகீஸ் என்பவனின் மோதிரக் கதை வருகிறது. போட்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் உடனே அரசனைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்காவிட்டால் எல்லோரும் அப்படித்தான் என்பது அங்கே வாதாடும் கிளாக்கனின் கட்சி. முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பட்ட இன்னொன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் போனதால் கெட்டுப்போனவன் மோதிரம் போட்டவன். நம்மை யாரும் பார்க்காதபோது நாம் கெடுவோம் என்று பயப்படுகிற அளவுக்கு, பார்ப்பவரை யாரும் பார்க்காதபோது அவர் கெடுவார் என்றும் பயப்பட வேண்டும்.

திருக்குறளில் ஒற்றாடலுக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கிறது, 59ஆவது. வள்ளுவர் உளவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒற்றர் ஒருவரை இன்னொருவர் அறியாமல் மூன்று பேரை ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்கிற அளவுக்கு விவரமாகப் போகிறார். ஆனால் யாரை ஆராய வேண்டும் என்ற பட்டியலில் முதலில் வருபவர்கள் அரசனின் சொந்த அதிகாரிகள், அடுத்து அவனுடைய சுற்றத்தார், பிறகுதான் பகைவர். குடிமக்களை அவர் தனியாகச் சொல்லவில்லை. 57ஆவது அதிகாரம் வெருவந்த செய்யாமை, அதாவது குடிகள் அஞ்சும்படி நடக்காதிருத்தல். 58ஆவது கண்ணோட்டம். இன்றைக்கு நாம் அந்தச் சொல்லைப் 'பார்வைக் கோணம்' என்ற அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். வள்ளுவருக்கு அது இரக்கம், பார்த்த இடத்தில் இளகுகிற கண். பயமுறுத்தாமலும் இரக்கத்தோடும் பார்க்கத் தெரிந்த பிறகுதான் உளவு அதிகாரத்துக்கு வரலாம் என்று அந்த வரிசையை நான் புரிந்துகொள்கிறேன். கண்காணிப்பும் கண்ணோட்டமும் ஒரே கண்ணிலிருந்து பிறந்த சொற்கள்.

இப்போது முனியாண்டிக்கு வரலாம். அவரும் தெரியாமல்தான் நிற்கிறார். ஆனால் அவர் இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். சுருட்டும் கோழியும் கேட்பார், பதிலுக்கு நாமும் கேட்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் 'உனக்குக் கண்ணில்லியா' என்று நேரில் நின்று திட்டுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். சாமியாடி வழியாக அவர் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் ஊர் முன்னால். முக்கியமாக, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று எழுதிப் போடச் சொல்லி அவர் யாரிடமும் தாள் கொடுப்பதில்லை. டி-503 தவறியது இங்கேதான். காவல் தெய்வத்துக்கும் காவலருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில் இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா, நம்மை ஒருவருக்கொருவர் ஒற்றர்களாக மாற்றாதவரா என்பதில் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து இன்றைய சட்டத்தைப் பார்த்தால் ஓட்டை தெரிகிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைக்காரர் கேமரா பதிவை என்ன செய்கிறார் என்று நான் கேட்க முடியும். ஆனால் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் விலக்கு.

பொறியாளனாக எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், கண்காணிப்புக் கருவிகளில் எதுவும் இயற்கை விதி கிடையாது. பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார் என்று தானாகக் குறித்துவைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. எத்தனை நாளில் பதிவு அழிய வேண்டும் என்பது ஒரு எண், யாரோ ஒருவர் தட்டி வைத்தது. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஒரு திருகாணி. வேலியும் பெட்டியும் சாக்கும்கூட அப்படித்தான், யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. நம் ஆட்களின் பயமும் அந்தப் பட்டறையில் செய்யப்பட்டதுதான். ரத்தத்தில் ஊறியதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. செய்யப்பட்டது என்றால் கழற்றலாம், அதிலும் பக்கத்து வீட்டுப் பக்கத்திலிருந்து கழற்ற ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பொருத்தியதே அங்கேதான்.

எங்கள் தாமானில் போன வருடம் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுக் கேமரா வைத்தார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் நான் ஒன்று மட்டும் கேட்டேன். பதிவைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், அந்த நோட்டு சமூக மண்டபத்தில் எல்லோரும் புரட்டும்படி கிடக்க வேண்டும். சிலர் வீண் வேலை என்றார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, எழுந்து நின்று கேட்டார்: 'சரிப்பா, அந்த நோட்ட யாரு பாத்துக்குவா?' யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார், 'வீட்டு நம்பர் வரிசைல மாசத்துக்கு ஒருத்தர் வச்சிக்குவோம். மொத மாசம் நான் வச்சிக்கிறேன்.'